மூச்சு மருந்து மாநாட்டில் என் அட்டைக் குழாய்

ஜூன் 8, ஞாயிறு

விடிந்ததிலிருந்து சாரல். வெயில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அட்டைக்கு இதைவிடக் கெட்ட காலம் கிடையாது. ஈரம் ஏறினால் மடிப்பு தொய்ந்துவிடும்.

குழாய் மடித்தது இருநூறு. தள்ளியது பதினேழு. தட்டையாக எடுத்துப்போக இன்னொரு கட்டு. எல்லாம் பிளாஸ்டிக் பைக்குள், பை அரிசி டின்னுக்குள். அரிசி சாக்குக்கு மாறிவிட்டது. வீட்டுக்காரருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

எடுத்து வைக்க: பம்ப்பு 2, மாத்திரை, ஸ்வெட்டர் (ஏசி), கத்தரி, ஸ்கேல், பழைய புடவை மேசைக்கு விரிக்க, கலைக்குப் பலாச்சுளை.

கலைவாணி, தம்பி மனைவி; என்னை நங்கை என்பாள். நாமக்கல்லில் மருந்தாளுநர். அவளும் சென்னை மாநாட்டுக்கு வருகிறாள், இங்கிலீஷுக்கு. காலையில் போன் செய்து, அங்கே யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள், எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எழுதிப் பார்க்கிறேன்.

என் பேர் ஜெயக்கொடி. கொல்லிமலை, வாழவந்தி நாடு. மிளகு, மரவள்ளி. பதினொரு வயதிலிருந்து ஆஸ்துமா. பம்ப்பை நேராக வாயில் அடித்தால் மருந்து தொண்டையில் மோதி அங்கேயே ஒட்டிக்கொள்ளும். நெஞ்சுக்குள் கொஞ்சம்தான் போகும். அதனால் நடுவில் ஸ்பேசர் என்று ஒரு குழாய் வைப்பார்கள். மருந்து அதில் நின்று, நாம் இழுக்கிற வேகத்துக்கு உள்ளே வரும். கடையில் கிடைப்பது சொம்பு அளவுக்குப் பிளாஸ்டிக். மிளகுக்கொடிக்கு ஏணி வைத்து ஏறுகிறவள் அதை எங்கே செருகுவது? வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன். ஒரு பறிப்பில் ஏணி மேலேயே மூச்சு பிடித்துக்கொண்டது. கீழே எப்படி இறங்கினேன் என்று இன்னும் ஞாபகம் இல்லை. அந்த வாரம்தான், மிளகுப் பொட்டலம் மடிக்கிற அட்டையில் ஒரு குழாய் மடித்தேன். பசை இல்லை, செருகினால் போதும். பிரித்தால் தட்டை. இடுப்புப் பைக்குள் அடங்கும்.

இதைச் சொல்ல இரண்டு நிமிடம் ஆகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் யாரும் நிற்க மாட்டார்களாம்.

எழுதாமல் விட்டது ஒன்று. இந்தக் குழாயை இதுவரை இயந்திரத்தில் அளந்ததில்லை. நாமக்கல் நெஞ்சு டாக்டரம்மா என்னை வைத்துப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்றார். ஆனால் அளவு காகிதத்தில் வந்தால்தான் மலை ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்க முடியும் என்று சொல்லிவிட்டார். அதுவரை என்னைத் தவிர யாருக்கும் இல்லை.

ஜூன் 9, திங்கள்

கா. 6 மணி பஸ். டின்னை மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்து சீட்டுக்காரர், வளப்பூர் நாட்டு ஆள், நாலைந்து வளைவு வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ஏனுங்க, உள்ள கோழிக்குஞ்சுங்களா?”

அட்டை என்றேன். அட்டைக்கு எதற்கு மடி என்று அவர் கேட்கவில்லை, முகத்தில் எழுதியிருந்தது.

எழுபது வளைவும் இறங்கியதும் காது அடைத்து விட்டது. அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வெயில். சாரலில் இருந்து நேராக அடுப்புக்குள்.

தம்பி வீடு. கலை ஒரு பேனர் அச்சடித்து வைத்திருந்தாள். என் போட்டோ, பெரிதாக. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். மாற்ற நேரமில்லை. பட்டுப்புடவை கட்டிக்கொள்ளச் சொன்னாள். பருத்திதான் என்றேன். பட்டில் எனக்கு மூச்சு முட்டுகிறதோ இல்லையோ, முட்டுவது மாதிரி இருக்கும்.

டாக்டரம்மா போன். வர முடியாதாம், ஆஸ்பத்திரியில் ஆள் இல்லை. தைரியமாகப் போங்கள் என்றார். அவர் பேரும் நம் பேனரில் இருக்கிறது, அதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூன் 10, செவ்வாய்

சேலத்திலிருந்து ரயில். சென்னை. புழுக்கம்.

மா. 3 மணிக்கு அரங்கத்தில். வாசலில் பேர் அட்டையைக் கழுத்தில் மாட்டினார்கள். என் பேர், அதன் கீழே ஊர், அதற்கும் கீழே ‘கண்காட்சியாளர்’. கலையினுடையதும் அப்படித்தான். அவள் உடனே போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். நான் பாத்ரூம் கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டேன். எழுத்து இடவலம் மாறித் தெரிந்தது. பரவாயில்லை.

உள்ளே எல்லாம் மூச்சு மருந்துதான். பம்ப்பு செய்கிறவர்கள், பம்ப்புக்குள் போகிற வால்வு மட்டும் செய்கிறவர்கள், மருந்துப் பொடி அரைக்கிற மெஷின், எத்தனை முறை அடித்தோம் என்று எண்ணுகிற சின்ன மீட்டர், போனோடு பேசுகிற பம்ப்பு. கண்ணாடியில் செய்த ஆளுயர நுரையீரல், உள்ளே நீல விளக்கு. முப்பது வருடத்துக்கு மேலாக என் கையில் இருக்கிற இத்தனூண்டு சாமானுக்குப் பின்னால் இவ்வளவு பேர் வேலை செய்கிறார்கள் என்று தெரியாது. யாரும் சொன்னதில்லை.

எங்கள் மேசை: கடைசி வரிசை, தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில். ‘புதிய முயற்சிகள்’ பகுதி. நான்கு மேசை. இடப்பக்கம் அளவு பார்க்கும் இயந்திரம் விற்கிற கம்பெனி. ரகுராமன் என்பவர் அதை ஓட்டுகிறார். ஐம்பது வயது இருக்கும், அதிகம் பேசாதவர். இயந்திரம் மனிதர் மாதிரி மூச்சு இழுக்கிறது. வாய் இருக்கிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம், பின்னால் வடிகட்டி. எவ்வளவு மருந்து நெஞ்சுவரை போகும் என்று வடிகட்டியை எடை போட்டுச் சொல்லும். புதிய முயற்சிக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வியாழக்கிழமை அவரிடம் கொடுத்து அளந்துகொள்ளலாமாம். ஒரு நிபந்தனை: எல்லோர் முன்னாலும், திரையில் காட்டி.

கலையும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

ஜூன் 11, புதன்

முதல் நாள். கால் வலி.

வந்தவர்கள், நோட்டில் கோடு போட்டது 64. அதில் தண்ணீர் குடிக்க வந்தவர்கள் எத்தனை என்று தெரியாது.

காதில் விழுந்தவை:
– இது பேனா ஸ்டாண்டா?
– பாப்கார்ன் போட்டுத் தருவாங்களா?
– ரொம்ப க்யூட். (கலை அர்த்தம் சொன்னாள். கோபம் வந்தது.)
– உங்க டெக்னிக்கல் ஆள் எங்கம்மா?

கடைசியாகக் கேட்டவரிடம் நான்தான் என்றேன். அவர் கலையைப் பார்த்தார். கலை என்னைக் கை காட்டினாள். அந்த நேரத்தில் அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம்.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். பிளாஸ்டிக் ஸ்பேசர் செய்கிற கம்பெனி. மரியாதையாகத்தான் பேசினார். அட்டை மருந்தை உறிஞ்சிவிடும் அம்மா, நுரையீரலுக்குப் போக வேண்டியதை உங்கள் காகிதம் குடித்துவிடும் என்றார். எனக்கு வேலை செய்கிறது. ஆனால் என் ஒரு நெஞ்சு போதுமா?

சாப்பாட்டுக்குப் பிறகு எதிர் மேசையில் யாரோ சென்ட் அடித்துக்கொண்டார்கள். ஏற்கெனவே ஏசி. இரண்டும் சேர்ந்தன. முதலில் இருமல், பிறகு நெஞ்சில் விசில். ஒதுங்க இடமில்லை. வெளியே போவதற்குள் மோசமாகிவிடும் என்று தெரிந்தது. மேசையிலிருந்த ஒரு குழாயை எடுத்து மடித்து, பம்ப்பைச் செருகி, அங்கேயே நின்று இழுத்தேன். பத்து எண்ணி, மறுபடி. கண்ணைத் திறந்தால் ஏழெட்டுப் பேர். ஒருவர் கையில் போன். கூச்சமாகிவிட்டது.

அதில் ஒரு அம்மா மட்டும் கிட்டே வந்து, எனக்கு ஒரு நாற்காலி இழுத்துப் போட்டு, தானும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பம்ப்பு வடிவமைக்கிற விஞ்ஞானி. நரைத்த கிராப்பு. பல வருடமாக இதே வேலை, ஆனால் மூச்சு வாங்குகிற ஒருவர் இதை உபயோகிப்பதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை என்று தமிழில் சொன்னார்.

“மருந்து உள்ள போனதும் முதல்ல என்ன தெரியும் உங்களுக்கு?”

“மொதல்ல காதுங்க. நம்ம மூச்சுச் சத்தம் நின்னு, மத்தவங்க பேசறது கேக்க ஆரம்பிக்குமுங்க.”

அவர் அதை எழுதிக்கொண்டார். நான் சொன்னதை ஒரு விஞ்ஞானி எழுதிக்கொண்டார். இதை இங்கே இரண்டு தடவை எழுதினாலும் தப்பில்லை.

மா. 5 மணிக்கு ரகுராமன் பட்டியலோடு வந்தார். நாளைக்கு அளப்பதற்கு யார் யார்? கலை என்னைத் தண்ணீர் கேன் பக்கம் இழுத்துப் போனாள்.

“வேண்டாங்க நங்கை. தப்பா வந்துச்சுன்னா இத்தன பேரு முன்னாடி வந்துரும். டாக்டரம்மா பேரும் சேந்து கெடும். ஊருக்குப் போயி தனியா அளந்துக்கலாம்.”

தனியாக அளக்க எங்கே இயந்திரம், யார் விடுவார்கள் என்று கேட்டேன். அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் மத்தியானம் அந்தக் குழாயை வாயில் வைத்தபோது அந்தப் பிளாஸ்டிக்காரர் சொன்னதுதான் மனதில் ஓடியது. சந்தேகத்தோடு இழுத்தது இதுதான் முதல் தடவை. எனக்கே இப்படி என்றால், தெரியாமல் வாங்கி இழுக்கப்போகிறவர்களுக்கு?

“அட்ட மருந்தக் குடிக்கும்னா நாளைக்கே தெரியட்டும் கண்ணு. தெரிஞ்சா விட்டுரலாம். தெரியாம ஒருத்தர் வாயில வெக்க முடியாது.”

பேர் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மாவிடமும் போனில் சொன்னேன். அளந்துவிடுங்கள் என்றார்.

ஜூன் 12, வியாழன்

காலையில் இட்லி இறங்கவில்லை. கலைக்கு மூன்று இறங்கியது.

பத்தரை மணி. எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். ஐம்பது பேர் போல நின்றிருந்தார்கள். பிளாஸ்டிக்காரர் முன் வரிசை. நரைத்த கிராப்பு அம்மா பின்னால், கையில் காபி.

ரகுராமன் பெட்டியிலிருந்து ஒரு புதுப் பிளாஸ்டிக் ஸ்பேசரை எடுத்து ஒப்பிடுவதற்காக முதலில் அளந்தார். திரையில் அளவாக ஒரு நீலக் கட்டை எழும்பியது. பிறகு தட்டையாக இருந்த என் குழாயில் ஒன்றை எடுத்து, அவரே மடித்து, அவரே பொருத்தினார். இயந்திரம் இழுத்தது. வடிகட்டியை எடைத் தட்டில் வைத்தார். பச்சைக் கட்டை எழும்பியது. நீலத்தில் பாதிக்கும் கீழே நின்றுவிட்டது.

பிளாஸ்டிக்காரர் குனிந்து ஷூவைப் பார்த்தார், பாவம். கலை என் கையைப் பிடித்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. எங்கே போனது என்றுதான் யோசனை. மருந்து எங்கேயாவது போயிருக்க வேண்டுமே. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். குழாயின் அடிப்பக்கம், செருகுகிற அட்டை நாக்கு வெளியே நின்றது. உள்ளே போயிருக்க வேண்டும். அந்தச் சந்தில் கையை வைத்தேன், இயந்திரம் இழுக்கும்போது காற்று விரலைத் தொட்டுக்கொண்டு உள்ளே போனது.

“சார், நாக்கு வெளிய இருக்குதுங்க. மருந்த விட்டுட்டு வெளிக்காத்தத்தான் இழுக்குது. நான் ஒருக்கா மடிச்சுத் தரட்டுங்களா?”

அவர் நகர்ந்து இடம் விட்டார். புதிதாக ஒன்று எடுத்தேன். எத்தனை ஆயிரம் மிளகுப் பொட்டலம் மடித்த கை. நாலு மடிப்பு, நாக்கு உள்ளே, பெருவிரலால் ஒரு அழுத்து. பொருத்தினேன். இழுத்தது. எடை.

பச்சை ஏறியது. நீலத்தைத் தொட்டது. தாண்டியது.

ரகுராமன் வேறொரு குழாயை நீட்டி, மறுபடி என்றார். மடித்தேன். அதே அளவு. மூன்றாவது தடவையும் அதே. அப்போதுதான் அவர் திரும்பிக் கூட்டத்திடம் பேசினார். பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் இருக்கும், சீப்பில் காகிதத் துண்டு ஒட்டுவது மாதிரி மருந்து அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் காயவிட்டால் குறையும், அட்டையில் அந்தத் தொல்லை இல்லை என்றார். பிளாஸ்டிக்காரரும் ஆமாம் என்று தலையாட்டினார். காகிதம் குடிக்கும் என்று நேற்று சொன்னவர். நல்ல மனிதர்.

கை தட்டினார்கள். நிறையப் பேர் இல்லை. ஆனால் தட்டினார்கள்.

இங்கேயே விட்டிருக்கலாம். கலை அப்படித்தான் நினைத்தாள். ஆனால் முதலில் வந்த அந்தக் குட்டைப் பச்சைக் கட்டை என் கண்ணை விட்டுப் போகவில்லை. ஒரு வயதான டாக்டர், ஆக முதல் தடவை மடித்ததுதான் தவறு, இல்லையா என்று ரகுராமனிடம் கேட்டார். ரகுராமன் சங்கடப்பட்டார். நான் முந்திக்கொண்டேன்.

“அவரு தப்பு இல்லீங்க. இத்தன படிச்சவரு கையிலயே தப்பா மடியுதுன்னா, மூச்சு வாங்கறவங்க கையில கண்டிப்பாத் தப்பா மடியுமுங்க. எங் குழாயிலதான் கொறை. நாக்கு உள்ள போறதுக்கு அடையாளம் ஒண்ணும் போடல நானு. போடறேன்.”

இதற்குத்தான் பெரிதாகக் கை தட்டினார்கள். எனக்குப் புரியவில்லை. குறையைச் சொன்னதற்கு யாராவது தட்டுவார்களா?

பிறகு மேசையில் கூட்டம். நோட்டில் கோடு போட நேரமில்லை. க்யூட் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு பெரிய கம்பெனி ஆள், வடிவத்தை மொத்தமாக எங்களிடம் கொடுத்துவிடுங்கள், எங்கள் பம்ப்போடு மட்டும் வரும், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார். எந்தப் பம்ப்பு ஆஸ்பத்திரியில் கிடைக்கிறதோ அதைத்தான் எங்கள் பக்கம் வாங்குவோம், எல்லாவற்றுக்கும் பொருந்தட்டும் என்றேன். யோசித்துச் சொல்லுங்கள் என்று கார்டு கொடுத்தார். யோசித்துத்தான் சொன்னேன்.

மாலையில் ரகுராமன் அளவுத் தாளை அச்சடித்துக் கொண்டுவந்தார். நான்கு தடவை அளந்ததும் இருக்கிறது, முதல் தடவையும் சேர்த்து. அதை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன். ‘வடிவமைத்தவர்’ என்ற இடத்தில் அச்சில்: ஜெயக்கொடி, கொல்லிமலை.

தாளைப் போட்டோ எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினோம். அனுமதிக்கு இன்றே எழுதுகிறேன் என்று பதில். அதோடு ஒரு கும்பிடு படம்.

வீட்டுக்காரருக்குப் போன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அளந்தாச்சு, சரியா இருக்கு என்றேன்.

“சரியாத்தான இருக்கும்,” என்றார். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போக வேண்டும் என்று வைத்துவிட்டார்.

ஜூன் 14, சனி

நேற்று ரயில், நாமக்கல், தூக்கம். எழுதவில்லை. கலை இரண்டு நாளாக யாரிடம் போனில் பேசினாலும் “எங்க நங்கை” என்றே ஆரம்பிக்கிறாள்.

இன்று மலை பஸ். டின் இப்போது காலுக்குக் கீழே. அளவுத் தாள் மட்டும் மடியில், பிளாஸ்டிக் உறைக்குள். அடிவாரம் தாண்டியதும் சாரல் முகத்தில் அடித்தது. ஜன்னலை மூடவில்லை.

கண்டக்டர் தெரிந்தவர். அஞ்சாறு நாளாகக் காணோமே, எங்கே போயிட்டு வாரீங்க என்று கேட்டார். மெட்ராஸில் ஒரு கண்காட்சி என்றேன்.

“அப்பிடீங்களா. என்ன பாத்தீங்க?”

“பாக்கப் போகலீங்க. காட்டப் போனேன்.”

விசில் ஊதிக்கொண்டு பின்னால் போனவர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

ஜூன் 16, திங்கள்

சாரல் இல்லை, மூட்டம். பலா நான்கு பழுத்து விழுந்திருக்கிறது. மாடு என்னை இரண்டு நாள் தெரியாத மாதிரி இருந்துவிட்டு இன்று நக்குகிறது.

நாக்கின் மேல் சிவப்பில் ஒரு அம்புக்குறி, செருகுகிற வாயில் அதே சிவப்பில் ஒரு கோடு. சிவப்பும் சிவப்பும் சேர வேண்டும். எழுத்து வேண்டாம், படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும். அவரும் நானும் நேற்று முழுக்க முப்பது குழாய் வெட்டினோம்.

இன்று மிளகுப் பொட்டலம் மடிக்க வந்த ஐந்து பேரிடம் ஆளுக்கொன்று கொடுத்தேன். பம்ப்பு இல்லை, மருந்து இல்லை, வெறும் அட்டை. எப்படி மடிப்பது என்று சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றேன். நான்கு பேர் சரியாக மடித்தார்கள். ஒருத்தி என்னைவிட வேகம்.

ஐந்தாவது ராமாயி. அட்டையைப் புரட்டிப் பிடித்துக்கொண்டாள். அம்பு அடிப்பக்கம் போய்விட்டது, நாக்கு வெளியே நின்றது. மற்றவர்களுடையதைப் பார்த்தாள், தன்னுடையதைப் பார்த்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

“நாந்தேன் தப்பா மடிச்சுட்டனுங்களா?”

“இல்லீங்க. நாந்தேன் தப்பா வெட்டிட்டேன்.”

கத்தரியையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். இனி அட்டையின் இரண்டு பக்கமும் அம்பு.